வெள்ளெழுத்து: குறை கண்ணிலா, திரையிலா?



நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கையருகே பிடித்த எழுத்து மங்கிப் போவதை நாம் வெள்ளெழுத்து என்கிறோம். சாளேசரம் என்றும் சொல்வதுண்டு. முதல் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அதில் கண் இல்லை, எழுத்துதான் இருக்கிறது. எழுத்து வெளுத்துவிட்டது என்று குறையை எழுத்தின் மேல் போடுகிற சொல் அது. மருத்துவம் வேறு சொல்லும்: வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை இறுகுகிறது, கிட்டத்தில் இருப்பதைக் குவித்துக் காட்டும் வலிமையை இழக்கிறது. அது உண்மை. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மடிக்கணினித் திரை. அந்தத் திரையைப் பொறுத்தவரை, பழைய தமிழ்ச் சொல் கைகாட்டும் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் என்பது என் வாதம். திரையில் படிக்கச் சிரமப்படுகிறவர் தன் கண்ணைச் சந்தேகிக்கிறார், வயதை நொந்துகொள்கிறார், கழுத்தை நீட்டிக் குனிகிறார். எழுத்தின் அளவைச் சந்தேகிப்பதில்லை. அறிந்தவர்கள் யாரோ ஆராய்ந்து வைத்த அளவு அது என்று ஒரு நம்பிக்கை நமக்கு. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

1984இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினியின் திரை 9 அங்குலம். அதில் 512க்கு 342 பிக்சல்கள். ஓர் அங்குல நீளத்தில் 72 பிக்சல் அடங்கும். இந்த 72 தற்செயலாக வந்ததல்ல. அச்சுத் தொழிலில் ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஆக, திரையின் ஒரு பிக்சலும் அச்சின் ஒரு பாயின்ட்டும் ஒரே அளவு. 12 பாயின்ட் எழுத்து தாளில் எவ்வளவு உயரமோ அவ்வளவே திரையிலும். மைக்ரோசாஃப்ட் இதில் ஒரு திருத்தம் செய்தது. புத்தகத்தைப் பிடிக்கும் தூரத்தைவிடத் தள்ளித்தானே திரையை வைக்கிறோம், தள்ளிப் போனால் எழுத்து சிறுக்குமே என்று கணக்கிட்டு, 72ஐ மூன்றில் ஒரு பங்கு கூட்டி 96 ஆக்கியது. வாசகரின் கண்ணையும் தூரத்தையும் நினைத்துச் செய்த நல்ல திருத்தம் அது. விண்டோஸின் காட்சி அளவில் 100 விழுக்காடு என்று இன்றும் நாம் காண்பது அந்த 96தான். அப்போதைய திரைகளுக்கு அது ஏறக்குறைய பொருந்தியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பரவலாக இருந்த 15.6 அங்குல, 1366க்கு 768 பிக்சல் மடிக்கணினியிலும் அங்குலத்துக்கு 100 பிக்சல்தான், கணக்கு தவறவில்லை. அதன் பிறகு அதே 15.6 அங்குலத்துக்குள் 1920க்கு 1080 பிக்சல்களை அடைத்தார்கள். அங்குலத்துக்கு 141 ஆயிற்று. 3840க்கு 2160 அடைத்தபோது 282 ஆயிற்று. பிக்சல் சிறுத்தது, பிக்சலை எண்ணி வரையப்படும் எழுத்தும் அதோடு சேர்ந்து சிறுத்தது. 96 என்ற எண்ணுக்குப் பின்னால் இருந்த கண் மறைந்து, எண் மட்டும் மிஞ்சியது.

இது எவ்வளவு சிறியது என்பதை மில்லிமீட்டரில் பார்க்கலாம். 15.6 அங்குல, 1920க்கு 1080 திரையில் ஒரு பிக்சலின் அகலம் 0.18 மி.மீ. விண்டோஸின் மெனுக்களில் வரும் எழுத்து 100 விழுக்காட்டில் 12 பிக்சல் அளவு. அதில் ஆங்கிலப் பேரெழுத்தான எச் சுமார் எட்டரைப் பிக்சல் உயரம் நிற்கும். அதாவது 1.5 மி.மீ. நம் அடுக்களைக் கடுகு ஒன்றின் குறுக்களவு. இதை 60 செ.மீ. தள்ளி வைத்துப் படிக்கிறோம். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 125 அல்லது 150 விழுக்காட்டில் வைத்துத்தான் இத்தகைய கணினிகளை அனுப்புகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 125இல் அந்தக் கடுகு 1.9 மி.மீ. ஆகும், அதற்கு மேல் இல்லை.

கண்ணுக்கு மில்லிமீட்டர் ஒரு பொருட்டல்ல, கோணம்தான் பொருட்டு. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். 1862இல் நெதர்லாந்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வகுத்த பார்வை அட்டையில், குறையற்ற கண் பிரித்தறிய வேண்டிய எழுத்து 5 கோண நிமிடம் உயரம் கொண்டது. 60 செ.மீ. தூரத்தில் அது 0.87 மி.மீ. அப்படியானால் 1.5 மி.மீ. எழுத்து தாராளம்தானே என்று தோன்றும். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பார்வை அட்டையில் நாம் படிப்பது தனித்தனி எழுத்தை, நின்று நிதானித்து, இதற்கு மேல் முடியாது என்ற எல்லையில். எட்டு மணி நேரம் கோப்புப் பார்ப்பது அந்த வேலையல்ல. மூச்சடக்கி ஒரு நிமிடம் நீருக்குள் இருக்க முடிந்தவரை நீருக்குள்ளேயே குடியிருக்கச் சொல்வோமா? திரைகளுக்கான ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலை பேரெழுத்தின் உயரம் குறைந்தது 16 கோண நிமிடமாவது இருக்க வேண்டும், 20 முதல் 22 வரை இருப்பது நலம் என்கிறது. 60 செ.மீ.யில் 16 நிமிடம் என்பது 2.8 மி.மீ. நம் கடுகின் உயரம் 9 நிமிடத்தைக்கூட எட்டவில்லை. குறைந்தபட்சத்தில் ஏறக்குறைய பாதி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வாசிப்பையும் பார்வையையும் நெடுங்காலம் ஆராய்ந்த கார்டன் லெக், எழுத்துரு வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிகலோவுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட கட்டுரை வேறு வழியாக வந்து அதே இடத்தில் நிற்கிறது. சிற்றெழுத்தின் உடல் உயரம் 0.2 பாகைக்கு, அதாவது 12 கோண நிமிடத்துக்குக் கீழே போனால் சரளமாகப் படிக்கும் வேகம் சரியத் தொடங்குகிறது என்பது அவர்கள் தொகுத்துக் காட்டிய முடிவு. 60 செ.மீ.க்கு அது 2.1 மி.மீ. நம் மெனு எழுத்தின் உடல் 1.1 மி.மீ.தான். இங்கும் பாதி. பத்திரிகையைக் கையில் 40 செ.மீ. தூரத்தில் பிடிக்கிறோம், மடிக்கணினியை 60இல் வைக்கிறோம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தாளில் இருக்கும் எழுத்து திரையில் ஒன்றரை மடங்காக வேண்டும்.

இதுவரை சொன்னது ரோமன் எழுத்தின் கணக்கு. தமிழுக்கு வரும்போது நிலைமை இன்னும் கடுமையாகிறது. ஒரு சுழி மூடிய சுழியாகத் தெரிய வேண்டுமானால் இரு பக்கமும் கோடு, நடுவில் ஒரு வெள்ளை என்று குறைந்தது மூன்று பிக்சல் தேவை. ஆங்கிலத்தின் ஓ என்ற எழுத்துக்கு எழுத்து முழுவதற்கும் ஒரு சுழி போதும். நமக்கு மூன்று சுழி ண உண்டு, இரண்டு சுழி ன உண்டு; இரண்டையும் வேறுபடுத்துவது அந்த ஒற்றைச் சுழி. மனம் வேறு, மணம் வேறு. பனி வேறு, பணி வேறு. கோப்பில் ஆணை என்று இருக்க வேண்டியது ஆனை என்று தெரிந்தால் சிரிக்கலாம்; ஆனால் எழுத்துச் சிறுத்து, சுழிக்குள் இருக்கும் வெள்ளை ஒரு பிக்சலுக்கும் கீழே போகும்போது திரை அதைச் சாம்பலாகத்தான் வரையும். மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒரே சாம்பல் திட்டாகிவிடும். தடித்த எழுத்தாக மாற்றினால் இன்னும் மோசம்: கோடு தடிக்க, உள்ளிருக்கும் வெள்ளை முற்றிலும் அடைபடும். சரியாகத் தெரியவில்லை என்று தமிழ் எழுத்தைத் தடிமனாக்குவது இதனால்தான் எதிர்விளைவு தருகிறது.

சுழியைவிடச் சிறியது நம்மிடம் இன்னொன்று இருக்கிறது: புள்ளி. ஒரு பிக்சலோ இரண்டு பிக்சலோ கொண்ட அந்தப் புள்ளியில்தான் மெய்யும் உயிர்மெய்யும் பிரிகின்றன. மேல்விலங்கின் சுழி ஒன்றில் விடு வீடாகிறது. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும் இடத்தில் கெடு கேடாகிறது, கொடு கோடாகிறது. ஓலையில் எழுதிய காலத்தில், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் பிரியாமல் நின்றன. படிப்பவர் இடம் நோக்கிப் புரிந்துகொண்டார். பின்னாளில் ஏடுகளைப் பதிப்பித்த அறிஞர்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று மல்லாட வேண்டியிருந்தது. வீரமாமுனிவர் (1680–1747) கொண்டுவந்த திருத்தம் என்று நாம் போற்றும் கொம்பு வேறுபாடும், அச்சு வந்தபின் தவறாமல் இடப்பட்ட புள்ளியும் அந்தத் துன்பத்தைத் தீர்த்தன. இன்று மிகச் சிறிய எழுத்தில் தமிழைக் காட்டும் திரை நம்மை மறுபடி ஓலைக்கே அழைத்துச் செல்கிறது. வாக்கியத்துக்குள் வந்தால் சூழல் காப்பாற்றும் என்பது உண்மைதான். பெயர்ப் பட்டியலில் என்ன சூழல் இருக்கிறது? பட்டாவிலும் வாக்காளர் பட்டியலிலும் வரும் தலைப்பெழுத்து எ. என்பதா ஏ. என்பதா என்று எந்தச் சூழலும் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். லெக்கின் 12 கோண நிமிடத்தைத் தமிழுக்கு அப்படியே ஒட்டவைக்க நான் முயலவில்லை. கோடுகள் நெருங்கிய எழுத்துக்கு இடம் கூடுதலாகத்தான் வேண்டும், குறைவாக அல்ல என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, பெரிதாக்குவது எப்படி? இங்கே மிகப் பரவலான ஒரு தவறைச் சொல்ல வேண்டும். திரையின் ரெசல்யூஷனைக் குறைத்தால் எழுத்துப் பெரிதாகிறது என்று கண்டு, 1920க்கு 1080ஐ 1366க்கு 768 ஆக்கிவிடுகிறார்கள். எழுத்துப் பெரிதாவது உண்மை. ஆனால் மடிக்கணினித் திரையின் பிக்சல்கள் கண்ணாடிக்குள் பதித்தவை. அவற்றின் எண்ணிக்கை மாறாது. 1366 பிக்சலுக்கு வரைந்த படத்தை 1920 பிக்சலில் விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் ஒன்றே காலுக்கும் ஒன்றரைக்கும் இடையில் பங்கு போட வேண்டிவருகிறது. முழுதாகக் கறுக்கவும் முடியாமல் முழுதாக வெளுக்கவும் முடியாமல் எழுத்தின் விளிம்பு கரைகிறது. பெரிதாகிவிட்ட மங்கல் எழுத்து அது. ரெசல்யூஷனைத் திரையின் இயல்பான அளவிலேயே விட்டுவிட்டு, ஸ்கேல் என்ற அமைப்பைக் கூட்டுவதே சரியான வழி. 12 பிக்சல் கட்டத்தில் 144 பிக்சல் இருந்தால், 150 விழுக்காட்டில் அது 18 பிக்சல் கட்டமாகி 324 பிக்சலாகிறது. எழுத்து ஒன்றரை மடங்கு உயர்கிறது. அதை வரையக் கிடைக்கும் பிக்சலோ 2.25 மடங்கு. ணகரத்துக்குள் அடைபட்டிருந்த வெள்ளை திறக்கிறது, புள்ளி வட்டமாகிறது. 2012இல் ஆப்பிள் வெளியிட்ட 15 அங்குல ரெட்டினா மேக்புக் ப்ரோ இதைத்தான் செய்தது. 2880க்கு 1800 பிக்சல்களை வைத்துக்கொண்டு, 1440க்கு 900 பிக்சல் திரையில் எழுத்து எந்த அளவில் தெரியுமோ அந்த அளவிலேயே காட்டியது. ஒரு பிக்சல் இருந்த இடத்தில் நான்கு. கூடிய பிக்சல்களை இடத்துக்குச் செலவிடாமல் தெளிவுக்குச் செலவிட்டார்கள். அது சரியான செலவு என்பது என் திடமான எண்ணம்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே என்று போனால் ஸ்கேல் இருக்கும். எழுத்து, ஐகான், சாளரம் எல்லாவற்றையும் அது சேர்த்துப் பெரிதாக்கும். எழுத்தை மட்டும் கூட்ட அக்சஸிபிலிட்டி பகுதியில் டெக்ஸ்ட் சைஸ் என்ற இழுவை தனியாக உண்டு. 225 விழுக்காடு வரை போகும். முன்னே சொன்ன கணக்குப்படி 150 ஸ்கேல்கூட மெனு எழுத்தை 2.3 மி.மீ.க்குத்தான் உயர்த்தும் என்பதால் இரண்டையும் கலந்து வைக்க வேண்டியிருக்கும். மேக் கணினியில் டிஸ்பிளேஸ் பகுதியில் ஒரு முனையில் லார்ஜர் டெக்ஸ்ட், மறுமுனையில் மோர் ஸ்பேஸ் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் அமைப்பு வேறில்லை. இணையப் பக்கத்துக்கு கன்ட்ரோலும் பிளஸும் போதும், எல்லோரும் அறிந்தது. ஸ்கேலைக் கூட்டியதும் சில பழைய மென்பொருள்கள் மட்டும் மங்கலாகத் தெரியும். அதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் பழையபடி 100க்கு இறக்கிவிடுகிறவர்கள் நிறைய. 96ஐ மாறாத உண்மையாக நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் அவை. விண்டோஸ் அவற்றை 96இல் வரைந்துவிட்டுப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. அந்த மென்பொருளின் ஐகானை வலச்சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி வழியாக ஹை டிபிஐ அமைப்புக்குப் போய் சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்பதைத் தேர்ந்தால் பலவற்றில் தெளிவு வரும். ஒரு பழைய மென்பொருளுக்காக நாள் முழுதும் படிக்கும் மற்ற எல்லாவற்றையும் கடுகாக்கிக்கொள்ளத் தேவையில்லை.

இதற்கு எழும் தடைகளில் வலுவானது இடம் பற்றியது. 1920க்கு 1080 திரையை 150இல் வைத்தால் 1280க்கு 720 அளவுக்குத்தான் பொருள் அடங்கும். பரப்பில் பாதிக்கும் குறைவு. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. கணக்கர் ஒருவர் இருபது நெடுவரிசைகளை ஒன்றாகப் பார்க்க வேண்டும்; மொழிபெயர்ப்பாளர் இரண்டு பக்கங்களை அருகருகே வைக்க வேண்டும். அவர்களுக்கு இழப்பு மெய்யானது. அவர்கள் ஸ்கேலைப் பெரிதாக வைத்துக்கொண்டு, விரிதாளின் உள்ளே மட்டும் ஜூமைத் தேவைக்குக் குறைத்துக்கொள்ளலாம்; இயன்றவர்கள் மேசையில் ஒரு தனித்திரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தடையைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் படிப்பது ஒரு நேரத்தில் ஒரே ஒரு பக்கம். அகன்ற திரையில் சிறிய எழுத்தில் ஓடும் வரி மிக நீண்டது. அதன் கடைசியிலிருந்து அடுத்த வரியின் தலைக்குத் திரும்பும்போது கண் தடம் மாறுகிறது. நாளிதழ்கள் பத்தி பிரித்து அச்சிடுவது எதற்காகவோ அதற்காகவே திரையிலும் வரி குறுக வேண்டும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே குறுகும். திரையில் அடங்கியிருப்பதை எல்லாம் நாம் படித்துவிட்டதாகக் கணக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது தடை அக்கறையோடு சொல்லப்படுவது: பெரிய எழுத்துக்குப் பழக்கிவிட்டால் கண் சோம்பி மேலும் கெடும் என்பது. வெள்ளெழுத்து வில்லை இறுகுவதால் வருகிறது. சிறிய எழுத்தோடு மல்லுக்கட்டினால் வில்லை இளகாது. பெரிய எழுத்தைப் படித்தால் மேலும் இறுகாது. பெரியவர்களுக்கு இந்த அச்சம் அடிப்படையற்றது. பிள்ளைகள் விஷயத்தில் வாதம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மிகக் கிட்டத்தில் வைத்து நெடுநேரம் படிப்பது கிட்டப்பார்வையோடு தொடர்புடையது என்று கண் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். எழுத்துச் சிறியதாக இருந்தால் பிள்ளை செய்வது ஒன்றுதான்: முகத்தைத் திரையிடம் கொண்டுபோகும். 60 செ.மீ. 30 ஆகும். அந்த முதுகை நிமிர்த்தி உட்காரச் சொல்லிக் கண்டிப்பதற்கு முன், எழுத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். பிள்ளை தானே பின்னால் சாயும்.

கண்ணாடி போட்டுக்கொண்டால் போதாதா என்பது மூன்றாவது. கண்ணாடி கட்டாயம் வேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கண்ணாடி செய்வது குவிப்பதை. எழுத்தின் கோணத்தை அது குறிப்பிடும்படி கூட்டுவதில்லை. குவிப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடியைப் புத்தகம் பிடிக்கும் 40 செ.மீ. தூரத்துக்குத்தான் பொதுவாக அளந்து தருகிறார்கள். கண் தானாகக் குவிக்கும் வலிமையை முற்றிலும் இழந்தவருக்கு அந்தத் தூரத்துக்கு 2.50 பவர் கூடுதல் தேவை, 60 செ.மீ.க்கு ஏறக்குறைய 1.75 போதும். புத்தகக் கண்ணாடியோடு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தவருக்குத் திரை குவியத்துக்கு அப்பால் போய்விடுகிறது. அவர் முன்னால் குனிகிறார். இருபார்வைக் கண்ணாடியும் புராக்ரசிவ் கண்ணாடியும் போட்டவர்கள், வாசிக்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால், முகவாயைத் தூக்கித் திரையைப் பார்க்கிறார்கள். மாலையில் பிடரி வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கண் பரிசோதனைக்குப் போகும் முன், கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை ஓர் அளவு நாடாவால் அளந்து எழுதிக் கொண்டுபோங்கள். அந்த எண்ணை வைத்துத் திரைக்கென்று தனிப் பவர் தர முடியும்.

அளவு சரியான பிறகும் எழுத்து வெளுத்திருக்கலாம். சொல்லின் நேர்ப்பொருளிலேயே வெளுத்திருக்கலாம். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து வைப்பது அழகு என்று ஒரு மோகம் வடிவமைப்பாளர்களிடையே பரவியிருக்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை 21க்கு 1 என்று வைத்தால், சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணையத் தரங்களுக்கான டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகள் வகுத்த விதி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 118 கொண்ட சாம்பல் அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டும். மூன்றும் 153 கொண்ட சாம்பல், படிவங்களில் எங்கும் பார்க்கிறோமே, அது 2.85தான். அதைப் படிக்க முடியாத முப்பது வயதுக்காரருக்குக் கண்ணில் ஒன்றுமில்லை. எழுத்துதான் வெள்ளெழுத்து. டார்க் மோடு இதற்கு மருந்தாகுமா என்று கேட்கிறார்கள். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, இளையவர் முதியவர் இருசாராரும் வெளிர்ப் பின்னணியில் கறுத்த எழுத்தையே நன்றாகப் படித்ததாகக் காட்டியது. வெளிச்சம் கூடும்போது கண்பாவை சுருங்குகிறது; பாவை சுருங்கினால் விழித்திரையில் விழும் படம் கூர்மையாகிறது. கண்புரையால் கண்ணின் உள்ளூடகம் கலங்கியவர்களுக்கு மட்டும் இது தலைகீழ்: வெள்ளைப் பரப்பின் ஒளி உள்ளே சிதறிக் கூசுவதால் கறுப்புப் பின்னணி அவர்களுக்கு நல்லது. ஆக, டார்க் மோடைத் தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும். சிறிய எழுத்துக்கு அது மாற்றாகாது.

ஐகான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐகான்களோடு முதலில் விற்பனைக்கு வந்த கணினி 1981இன் ஜெராக்ஸ் ஸ்டார். மெக்கின்டாஷுக்காக சூசன் கேர் வரைந்தவை 32க்கு 32 கட்டங்கள். குப்பைத்தொட்டியும் வெடிகுண்டும் அதற்குள் அடையாளம் தெரியும்படி அவர் வரைந்தது பெரிய கலைத்திறன். இன்றைய விண்டோஸில் திரையின் கீழ் வலது மூலையில் வரிசையாக நிற்பவை 100 விழுக்காட்டில் 16க்கு 16. நம் திரையில் 2.9 மி.மீ. அவற்றைப் பார்ப்பது மட்டுமல்ல, சுட்டியால் குறிவைத்துத் தொடவும் வேண்டும். கை நடுங்கும் முதியவருக்கு அது எவ்வளவு பாடு! டெக்ஸ்ட் சைஸ் இழுவை இவற்றைத் தொடாது, ஸ்கேல்தான் பெரிதாக்கும். மேசைத்திரையில் உள்ளவற்றை கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டியும் வளர்க்கலாம். ஆனால் ஐகானுக்கு அளவைவிடத் துணை பெயர்தான். 2021இல் வந்த விண்டோஸ் 11, வலச்சொடுக்கும்போது வரும் பட்டியலில் கட், காப்பி, பேஸ்ட் என்ற சொற்களை எடுத்துவிட்டு வெறும் படங்களை வைத்தது. 2024 பதிப்பில் படங்களின் கீழே சொற்கள் திரும்பி வந்தன. கீழ்ப்பட்டையில் நீக்கியிருந்த பெயர்களும் 2023இல் திரும்பின. படம் எல்லா மொழிக்கும் பொது என்ற நினைப்பு இவ்வளவு பெரிய நிறுவனத்திடமே செல்லுபடியாகவில்லை. நெகிழ்வட்டைத் தொட்டே பார்க்காத தலைமுறைக்கு அந்தச் சதுரம் சேமிப்பதைக் குறிக்கிறது என்பது மனப்பாடம்தான். கீழே சேமி என்று இரண்டெழுத்து இருந்தால் மனப்பாடம் வேண்டாம்.

அந்த இரண்டெழுத்தைத் தமிழில் வைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசுப் படிவமும் வங்கிப் பக்கமும் தமிழில் வரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் பொத்தானின் உயரத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து பூட்டிவிட்டு, அதற்குள் தமிழைத் திணிக்கிறார்கள். ஆங்கிலத்தில் பேரெழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. நமக்கு மேலே விலங்கும் சுழியும் புள்ளியும், கீழே உகர ஊகாரக் குறிகளும் உண்டு. வாசகர் எழுத்தைப் பெரிதாக்கியவுடன் பெட்டி வளராமல் எழுத்து மட்டும் வளர்ந்து, தலையும் காலும் வெட்டுப்படுகின்றன. 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் எதுவும் இழக்கப்படக் கூடாது என்பதும் அதே டபிள்யூ3சி நெறிகளில் உள்ள விதிதான். ஒரு பக்கத்தை வெளியிடும் முன், அதை 200 விழுக்காட்டில் வைத்து, நீக்கு என்று எழுதிய பொத்தான் ஒன்றைப் பாருங்கள். நகரத்தின் மேல் உள்ள சுழி, ககரத்தின் மேல் உள்ள புள்ளி, கடைசி எழுத்தின் கீழ் வளைவு, மூன்றும் முழுதாகத் தெரிகின்றனவா? அறுபது சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.